நீராவியை மூடிய பிறகு

2006 மே மாதம், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேல்விழி ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டிருந்தாள். இதற்கென்றே செய்த பீங்கான் குழாயை ஆயிரத்து நானூறு டிகிரிக்குக் காய்ச்சினால் அது தன் ஆக்ஸிஜனை விட்டுவிடும். சூட்டைத் தொள்ளாயிரத்துக்கு இறக்கி நீராவி விட்டால், இழந்ததை நீராவியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது ஹைட்ரஜன்.

அன்று காலை, உலையைப் பார்த்துக்கொள்ளும் கிளமெண்டிடம் அவள்தான் சொன்னாள்.

"இன்னும் நூத்தம்பது டிகிரி ஏத்துங்கண்ணே. கூடுதலா கெடைக்கும்."

"கொழா தாங்குமா மேடம்?"

"தாங்கும்."

கூடுதலாகத்தான் கிடைத்தது. பதினோரு மணிக்கு நீராவியை மூடினார்கள். மீட்டரில் ஹைட்ரஜன் குறையவில்லை, ஏறியது. நீராவி வரும் பைப்பைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே சொட்டு ஈரமில்லை. மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானை வறண்டு வெடித்தது.

"தண்ணி இருக்குதுங்களா மேடம்?" என்றார் உலையருகே நின்ற கிளமெண்ட். உதடு பிளந்து ரத்தம் வந்தது. வழியாமல், வந்த இடத்திலேயே பொடியானது. கையை மடக்கினார், முட்டித் தோல் காகிதமாய்க் கிழிந்தது.

வேல்விழி கடப்பாரையை எடுத்து உலையை இடித்தாள். செங்கல் சரிந்தது. அனல் அவள் புருவத்தைப் பொசுக்கியது. குழாய் நாலு துண்டாகும்வரை அடித்தாள். மீட்டர் அப்போதும் ஏறியது.

கீழே விழுந்த கிளமெண்டைத் தூக்கினாள். எழுபது கிலோ ஆள், ஒரே கையில் தூக்கும்படி லேசாக இருந்தார்.

"நாந்தாண்ணே ஏத்தச் சொன்னேன்" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். குரல் வந்தது, கண்ணீர் வரவில்லை. மூடிய அவள் இமைகள் மறுபடி பிரியவில்லை.