முதல் கிளாஸ் டீ

1962-இல் டென்மார்க்கிலிருந்து திருவண்ணாமலைக்குத் தமிழ் படிக்க வந்த நீல்ஸ், தினமும் கபாலியின் டீக்கடை திறக்கும்போதே போய் நிற்பான். கபாலி முதல் டீயைப் பதமாக ஆற்றி, ரோட்டில் ஊற்றிவிடுவார். இரண்டாவதுதான் நீல்ஸுக்கு.

"முதலில் வந்தவன் நான். எனக்குத் தராமல் ஏன் மண்ணில் ஊற்றுகிறீர்கள்?"

"அது உங்களுது இல்லீங்க தொரை. யாருதுன்னு எனக்கும் தெரியாது."

இதே பதிலைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன நீல்ஸ், ஒருநாள் அந்த கிளாஸைப் பிடுங்கிக் குடித்துவிட்டான். கபாலி காலி கிளாஸை வாங்கிக் கழுவி வைத்தார்.

மறுநாள் கபாலி அவனைக் கவனிக்கவே இல்லை. நீல்ஸ் கூப்பிட்டான், கத்தினான், பெஞ்சை ஓங்கித் தட்டினான். அதில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர்கூட நிமிரவில்லை.

கபாலி முதல் டீயை ஆற்றி ரோட்டில் ஊற்றினார்.

நீல்ஸுக்கு நாக்கு சுட்டது.