நல்ல ரத்தம்

உறையாமலிருக்க மருந்து கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ஏற்றிய பாலாமணியின் ரத்தம் மரச்சட்டத்தில் செங்குத்தாக நின்றது.

"ஒரு மணி நேரம் அப்படியே நிக்கட்டும்" என்றார் டாக்டர் சங்கரபாண்டியன். "மூட்டுக்குள்ள வீக்கம் நெசமா இருந்தா, செவப்பு வேகமா அடியில எறங்கும். இல்லேன்னா மெள்ளத்தான் எறங்கும்."

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, யுத்தம் முடிந்ததும் அருப்புக்கோட்டையில் வைத்தியத்துக்கு உட்கார்ந்தவர் அவர்.

நெசமா, இல்லையா என்பதுதான் அங்கே வழக்கு.

பாலாமணிக்கு விரல் மடங்கவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு கையும் பிறத்தியார் கை மாதிரி கிடக்கும். புருஷன் சென்னகேசவன் அதற்கு வேலைக்கள்ளம் என்று பெயர் வைத்திருந்தான். போன வாரம் தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டபோது, ஈரம் காய்வதற்குள் இவளால் இழை பிரிக்க முடியவில்லை. பாதிப் பாவு ஒட்டிக்கொண்டு பாழாய்ப் போனது. நெசவாளர் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

இப்போது டாக்டர் வீட்டு வாசலில் மாட்டுவண்டி நிற்கிறது. அதில் இவளுடைய தகரப்பெட்டியும் இருக்கிறது. ரத்தத்தில் கோளாறு இல்லையென்றால் வண்டி நேரே மல்லாங்கிணற்றுக்கு, அம்மா வீட்டுக்குப் போகும். திரும்பி வராது.

டாக்டரின் வாய்ச்சொல்லைச் சென்னகேசவன் நம்பவில்லை. ரத்தத்தை நம்புவான். சௌடம்மன் திருவிழாவில் மார்பில் கத்தி போட்டுக்கொண்டு ஆத்தாளுக்கு ரத்தம் காட்டுகிறவன். ரத்தம் பொய் பேசாது என்பது அவன் கட்சி.

ஆனாலும் லேசில் விடுவானா?

"எல்லார் ரத்தமும் எறங்கத்தான செய்யும்? நல்ல ரத்தம் எம்புட்டு எறங்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். தன் ரத்தத்தையே எடுத்து வைக்கலாம் என்று டாக்டர் சட்டைக்கையை மடக்கினார். அதற்குள் சுவரோரம் நின்ற வெங்கடம்மாள் முன்னால் வந்தாள்.

"என்னுதை எடுங்க."

சென்னகேசவனின் அக்கா. தாலியறுத்துப் பிறந்த வீடு வந்து, தாயில்லாத தம்பியை நூல் சுற்றியே வளர்த்து ஆளாக்கியவள். பாலாமணி விழுங்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் பெயர்தான் தொடுகறி. அக்காவைப் பாரு. அக்கா அக்கடான்னு உக்காந்து பாத்திருக்கியா? அக்கா ஒரு நாளாவது கை வலிக்குதுன்னுச்சா? இத்தனையும் கேட்டுக்கொண்டு அக்கா வாயே திறக்கமாட்டாள். கைகள் முந்தானைக்குள் கிடக்கும், முகத்தில் ஒன்றும் தெரியாது. திட்டுகிற நாத்தனாரிடம்கூட இத்தனை பயம் வராது.

பாலாமணி வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிழைக்க இருந்த ஒரு வழியையும் அடைக்க வந்துவிட்டாள் மகராசி.

டாக்டர் வெங்கடம்மாளின் கையைப் பிடித்தவர் சற்றே நிதானித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார்.

இரண்டாவது குழாயும் பக்கத்தில் ஏறியது.

வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. பாலாமணி தன் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேலே நல்லெண்ணெய் நிறத்தில் தெளிந்துகொண்டே வந்தது. சிவப்பு இறங்கியது. இன்னும் இறங்கியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தனக்கு நோய் இருக்கிறது என்று அவளைப்போல் சந்தோஷப்பட்டவள் அந்தச் சீமையிலேயே இருந்திருக்க மாட்டாள்.

பிறகுதான் பக்கத்துக் குழாயைப் பார்த்தாள். பிந்தி வைத்தும் அதில் சிவப்பு இவளுடையதைவிடக் கீழே இறங்கிக் கிடந்தது.

சென்னகேசவனும் பார்த்துவிட்டான். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

"பாத்தீகளா டாக்டர்? எங்க அக்கா ரத்தம் இவளுதைவிட எறங்கிருக்கு. அவுகளுக்கு என்ன நோக்காடு? ஏறுடி வண்டியில."

டாக்டர் வாயைத் திறந்தார். வெங்கடம்மாளைப் பார்த்தார். அவள் சொல்ல வேண்டியதைத் தான் சொல்லக்கூடாது என்று பட்டிருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

பாலாமணி எழுந்தாள்.

வெங்கடம்மாள் தம்பியின் எதிரே போய் நின்றாள். முந்தானையை விலக்கி, வலது கையை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்த விரலை மடக்கு."

விளையாட்டென்று நினைத்து அவன் சிரித்துக்கொண்டே மடக்கினான்.

அவள் அலறினாள். வாசலில் மாடுகள் மிரண்டு வண்டி ஒரு முழம் பின்னால் போனது. தாலி அறுத்த அன்றுகூடச் சத்தம் போட்டு அழாதவள் என்று தெருவில் பேர் வாங்கியவள்.

சென்னகேசவன் நெருப்பைத் தொட்டவனைப்போல் கையை விட்டான். "எப்போருந்துக்கா?" என்றான்.

"ஒனக்கு மீசை மொளைக்கிறதுக்கு முன்னாலருந்து."

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த ஒரு மணி நேரத்தில் வெங்கடம்மாள் குழாய்களின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்பது அப்போதுதான் பாலாமணிக்கு உறைத்தது. பார்க்க அவளுக்கு என்ன இருந்தது? தெரிந்தேதான் கையை நீட்டியிருக்கிறாள். இப்படியும் ஒருத்தியா என்று பாலாமணி மலைத்துப்போய் நின்றாள். வாழ்நாளெல்லாம் பொத்தி வைத்ததை, வார்த்தைக்கு வார்த்தை தன்னோடு ஒப்பிடப்பட்டுத் திட்டு வாங்கிய ஒருத்திக்காகச் சபையில் போட்டு உடைத்துவிட்டாளே!

காலில் விழப் போனவளை வெங்கடம்மாள் முழங்கையால் தடுத்தாள்.

"நீ வலிக்குதுன்னு வாயத் தெறந்து சொல்லிப்புட்ட தாயி. எனக்கு அம்புட்டுத் தைரியம் இல்ல. ரத்தத்தை விட்டுத்தான் சொல்லச் சொன்னேன்."