முகப்புத் திரை

"போனைக் கொடுத்துட்டு அப்படியே நில்லும்மா. எங்கேயும் திரும்பாதே. என்னையே பாரு."

அவள் பார்த்தாள். போனைக் கையில் வாங்கியவர் அதன் பக்கம் கண்ணையே திருப்பவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தேட வேண்டியது போன்ல..."

"போன் அப்புறம்தான். ஒளிச்சு வெச்சவங்க முகம்தான் முதல்ல காட்டிக்கொடுக்கும். என்னோட முதல் சோதனையே அதான்."

அவளுக்குச் சிலிர்த்தது. போன் பாதுகாப்புத் தொழிலில் இருப்பவர்கள் இவரைக் கழுகு என்பார்கள். சும்மா வைத்த பெயரில்லை.

அவள் செய்திருந்தது ஒரு பெட்டகச் செயலி. பார்ப்பதற்கு அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கும் அசட்டுச் செயலி மாதிரி இருக்கும். குறிப்பிட்ட ஓர் எண்ணை அடித்தால்தான் உள்கதவு திறக்கும். முக்கியமான காகிதங்களையெல்லாம் படமெடுத்து அதற்குள் வைத்துக்கொள்ளலாம். போனை யார் வாங்கிக் குடைந்தாலும் அப்படி ஒன்று இருப்பதே தெரியக் கூடாது.

"ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, என்னை எதுக்கும்மா பிடிச்சீங்க?"

"எங்க முதல் வாடிக்கையாளர் கறாரா சொல்லிட்டாங்க சார். உங்ககிட்டத் தேறினாத்தான் போன்ல போடுவாங்களாம். வேற யார் பார்த்தாலும் செல்லாதாம்."

கழுகுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

போனை இருட்டு நிறத்துக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு செயலியாகத் திறந்து மூடினார். அங்குலச் செயலி வந்ததும் விரல் நின்றது.

"இதான்."

"எப்படி சார்?"

"எல்லாப் பக்கமும் கறுப்பாயிடுச்சு. உதவிப் பக்கம் மட்டும் பளிச்சுன்னு வெள்ளையா நிக்குது பாரு. ஒரே வீட்டுல ரெண்டு பேர் தனித்தனியா பெயின்ட் அடிச்ச மாதிரி. இது ஏதோ ரெட்டைக் குடித்தனம்னு தோணிச்சு."

அவள் ஆடிப்போனாள். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றைக்கோ தனியாக நிறம் கொடுத்திருந்தார்கள். அதை அழித்துவிட்டு, செயலி முழுவதற்கும் பொதுவான அமைப்பிலிருந்தே நிறத்தை எடுக்கச் செய்தாள். செயலியின் பெயரும் அடையாளப் படமும்கூட அதே அமைப்பில்தான் இருந்தன; அவற்றையும் மாற்றினாள். அங்குலச் செயலி இப்போது வானிலைச் செயலியாக வேஷம் மாறியது.

இந்த முறை அவருக்கு இன்னும் குறைந்த நேரம்தான் பிடித்தது. சற்றுமுன் திறந்த செயலிகளின் வரிசையைத் தள்ளிப் பார்த்தார். மற்றதெல்லாம் சின்னச் சின்னப் படமாகத் தெரிய, வானிலை மட்டும் வெறும் கட்டமாக இருந்தது.

"அது நாங்க வெச்ச பாதுகாப்பு சார். செயலி முழுக்க எந்தத் திரையையும் படம் பிடிக்க முடியாது, எட்டிப் பார்க்கவும் முடியாது," என்றாள் பெருமையாக.

"வானிலைக்கு என்னம்மா ரகசியம்? மழை வந்தா ஊருக்கே தெரியப்போகுது!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பூட்டு கண்ணுல பட்டாலே உள்ளே சாமான் இருக்குன்னுதானே அர்த்தம்? பூட்டையும் மறைக்கணும்."

இவர் மனிதர்தானா என்று இருந்தது அவளுக்கு. "எப்படி சார் இவ்வளவும் தோணுது உங்களுக்கு?"

"தினமும் பார்க்கிறேன்ல. பழகின கை."

இன்னொரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் வர மாட்டார். காகிதங்களை ஒளித்து வைக்க அவருக்கு வேறு இடமும் கிடையாது. அவள் வெளித்திரைகளிலிருந்து பூட்டை எடுத்தாள். செயலியை விட்டு நகர்ந்த கணமே உள்கதவு தானாகச் சாத்திக்கொண்டு, வெளிமுகம் மட்டும் நிற்கும்படி பொது அமைப்பை மாற்றினாள். வேஷத்தையும் மாற்றிப் போனை நீட்டினாள்.

கழுகு முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். இருட்டாக்கினார், வெளிச்சமாக்கினார். வரிசையைத் தள்ளினார். எது எவ்வளவு இடம் பிடிக்கிறது, எது மின்சாரம் குடிக்கிறது என்றெல்லாம் துருவினார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் செயலியைத் திறந்து, "ரோஜாவுக்கு நாளைக்குத்தானாம்," என்று சிரித்துவிட்டு மூடினார். கடைசியில் டார்ச் விளக்கின் மேல் விரலை வைத்தார்.

"இதானே?"

"இல்ல சார்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். எழுந்து நின்று கைதட்டினார். "பிரமாதம்மா! என் கண்ணுக்குத் தப்பினது இதான் முதல் தடவை. எதுன்னு மட்டும் காட்டிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"காட்டக் கூடாதுன்னு ஒப்பந்தம் சார்."

"நல்ல ஒப்பந்தம்!" சிரித்துக்கொண்டே படியிறங்கியவர், வாசலில் நின்று வீட்டுக்குப் போன் செய்துவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு தன் முதல் வாடிக்கையாளரை அழைத்தாள்.

"அக்கா, தேறிடுச்சு. அவரால கண்டுபிடிக்க முடியல."

மறுமுனையில் நீண்ட மூச்சு கேட்டது. "நிஜமாவா? இப்பத்தான் கூப்பிட்டார், வீட்டுக்குக் கிளம்பிட்டாராம். வந்ததும் வழக்கம்போல என் போனைத்தான் கேப்பார்."

"தைரியமாக் கொடுங்க. அவர் இங்கே பார்த்த எந்த வேஷமும் இல்லாம புதுசா மாத்தி இப்பவே அனுப்பறேன். உங்க சர்டிபிகேட், வேலை கிடைச்ச உத்தரவு எல்லாம் அதுக்குள்ள பத்திரமா இருக்கும்." அவள் தயங்கினாள். "ஒண்ணே ஒண்ணுதான்க்கா. போனை வாங்கறதுக்கு முன்னாடி அவர் முகத்தைத்தான் பார்க்கிறார். அதுக்கு என்கிட்ட செயலி இல்ல."

மறுமுனை மெல்லச் சிரித்தது.

"அதைப் பூட்டக் கத்துக்கிட்டு வருஷக்கணக்காச்சும்மா."