கடைசி ஒரு சாண்

டயரின் கடைசி ஒரு சாண் மட்டும் ரிம்மில் ஏறவில்லை.

அவன் பின்சக்கரத்தை வயிற்றோடு முட்டுக்கொடுத்து இரண்டு கட்டைவிரலாலும் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் ஐந்தடி தள்ளி நின்று உப்பளத்தைப் பார்த்தாள்.

காலையிலிருந்து அவனுக்கு இது இரண்டாவது பஞ்சர். இரண்டு தடவையும் சீமைக்கருவேல முள்.

பந்தய சைக்கிள். டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயர். ரிம்மில் பசை போட்டு ஒட்டியிருக்கும். ரோட்டோரத்தில் உட்கார்ந்து பிரித்து ஒட்டுப்போட முடியாது. பிய்த்து எடுத்துவிட்டு வேறு டயர்தான் மாட்ட வேண்டும். அதற்காக ஆளுக்கொன்று சீட்டுக்கு அடியில் மடித்துக் கட்டியிருப்பார்கள்.

அவனுடையது வேம்பாருக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது அவளுடையது.

அவன் கேட்கவில்லை. அவளாகவே வாரை அவிழ்த்து நீட்டினாள்.

"தேங்க்ஸ்" என்றான்.

பதினோரு வருடத்தில் இதற்கெல்லாம் அவன் தேங்க்ஸ் சொன்னதில்லை.

ஆல்வினுக்கும் சுகிர்தாவுக்கும் செவ்வாய்க்கிழமை குடும்பநல கோர்ட்டில் கடைசி வாய்தா. இரண்டு பேரும் சம்மதித்துப் போட்ட மனு. சைக்கிள் கிளப்பில் யாருக்கும் இன்னும் தெரியாது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எப்போதும்போல இரண்டு பெயரையும் கிளப்காரர்களே சேர்த்து எழுதிவிட்டார்கள். வரவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அதனால் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

மற்றவர்கள் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள்.

அவன் விரல் மறுபடி வழுக்கியது.

அவள் போய் எதிரில் உட்கார்ந்தாள். தன் கட்டைவிரல்களை அவனுடையவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப" என்றான்.

நான்கு விரலும் சேர்ந்து தள்ளியதும் டயர் பொதுக்கென்று உள்ளே விழுந்தது.

அவன் விரல் பட்டது. பட்டது தெரிந்தது, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

அவன் காற்றடித்தான். அவள் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். ஆட்டம் இல்லை.

"பசை சரியாப் பிடிச்சிருக்காது. வளைவுல மெதுவாப் போங்க."

"ம்."

இனி ஸ்பேர் இல்லை என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. அவன் முன்னால் போனான். எதிர்காற்றில் அவன்தான் எப்போதும் முன்னால். அவன் முதுகுக்குப் பின்னால் காற்று பாதியாகிவிடும். அவள் அந்தப் பாதிக்குள்ளேயே மிதித்தாள். ஏழெட்டு கிலோமீட்டர் அப்படியே போனது.

அப்புறம் அவளுடைய பின்சக்கரம் மெத்தென்று ஆகத் தொடங்கியது.

முதலில் சீட் லேசாகத் தாழ்ந்தது. பிறகு ஒவ்வொரு கல்லும் ரிம்மில் நேராக இடித்தது.

அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தான். ஒரு குரல் போதும்.

குரல் கொடுத்தால் நிற்பான். திரும்பி வருவான். அவனிடமும் டயர் இல்லை. ஏதாவது வண்டி வரும்வரை இந்த வெயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். முகம் சுளிக்க மாட்டான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பான்.

அவள் குரல் கொடுக்கவில்லை. பிரேக்கை மெதுவாகப் பிடித்து இறங்கினாள்.

ஐம்பது மீட்டர் போனான். நூறு. இருநூறு.

பிறகு கைக்கு அடியில் குனிந்து பின்னால் பார்த்தான். நின்றான். ஒரு காலை ஊன்றித் திரும்பினான்.

அந்தத் தூரத்திலிருந்து டயர் தெரியாது. ஆனால் தெரிய வேண்டியதும் இல்லை. அவள் சும்மா நிற்கிறவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

அவள் கையை உயர்த்தினாள். புறங்கையை அவன் பக்கமாக இரண்டு தடவை அசைத்தாள்.

போங்க. போங்க.

அவன் நின்றுகொண்டே இருந்தான். இரண்டு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தைவிட அதிகம்.

பிறகு ஊன்றிய காலை எடுத்துப் பெடலில் வைத்தான்.

வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தாள்.

கால்மணி நேரம் நடந்திருப்பாள். காலி மீன் வண்டி ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் இறங்கி டயரை விரலால் அமுக்கினார்.

"பஞ்சரா? டியூப மாத்துனா சரியாப் போயிரும்லா?"

"இதுல மாத்த முடியாது, அண்ணாச்சி."

"சரி, தூத்துக்குடிதான? ஏறுங்க."

சைக்கிளைத் தூக்கி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் சாய்த்து வைத்துக் கயிற்றால் கட்டினார்.

"ஒத்தையிலயாம்மா வந்திய?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"ஆமா."

வண்டி கிளம்பியது. உள்ளே மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்து வீசின. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஹாண்டில்பாரைப் பிடித்திருந்ததில் விரல்கள் மரத்திருந்தன. உதறிப் பார்த்தாள். சரியாகவில்லை.

பத்து நிமிடத்தில், முன்னால் ரோட்டின் இடது ஓரத்தில், காற்றுக்குக் குனிந்து ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அவள் போட்டிருந்த அதே மஞ்சள் சட்டை.

டிரைவர் அதைப் பார்த்தார். அவள் சட்டையைப் பார்த்தார்.

"தெரிஞ்ச ஆளா? நிப்பாட்டவா?"

வண்டி அவனை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா ஒதுங்கிப் போங்க, அண்ணாச்சி," என்றாள். "வண்டிக் காத்து சாச்சிரும்."