லேக் வியூவில் இன்னொரு கடை

கண்ணம்மையின் பணியாரக் கடையில் பால் பொங்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள். விசாலம் தட்டவில்லை.

இதில் என்ன சாமர்த்தியம்? அடுப்பைப் பற்றவைத்தால் எந்தப் பாலும்தான் பொங்கும்.

கோட்டையூரைத் தாண்டி இருக்கும் இந்தக் குடியிருப்புக்கு லேக் வியூ என்று பெயர். லேக் என்பது கண்மாய். வியூ என்பது அதில் மண்டிக் கிடக்கிற கருவேலங்காடு. சிங்கப்பூர், துபாய், மலேசியா என்று பாதி ஆயுசைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள் வாங்கிப்போட்ட வீடுகள். இங்கே நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும்.

அந்த அமைதி பொறுக்காமல் ஆளாளுக்குக் கடை திறக்கிறார்கள்.

முதலில் துபாய் சத்தியமூர்த்தி கேட்டை ஒட்டி ஜூஸ் கடை போட்டார். சீனி கிடையாதாம், ஐஸ் கிடையாதாம். அப்புறம் எதற்கய்யா ஜூஸ், பழத்தைக் கையில் கொடுத்தால் தின்றுவிட்டுப் போகிறோம். மத்தியானம் ஆனால் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அடுத்தது ஒரு பூச்செடிக் கடை. ஜூஸ்காரர் செடி வாங்குவார், செடிக்காரி ஜூஸ் குடிப்பாள். வெளியாள் ஒருத்தர் எட்டிப் பார்த்ததில்லை.

எல்லாக் கடைக்கும் முதல் போட்டது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

விசாலத்துக்கு இந்தக் கூத்தெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். மலேசியாவில் குடும்பம் நடத்தி, புருஷன் போன பிறகு இங்கே வந்து ஒற்றை ஆளாய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போதும். மகன் கார்த்திக் டல்லாஸிலிருந்து வந்திருக்கிறான். “இந்தத் தடவ ஒங்களுக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் ஆத்தா போவேன்” என்று போனிலேயே சொல்லியிருந்தான்.

அன்றைக்கே பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள். விசா ஏற்கெனவே கையில் இருக்கிறது. குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கியாயிற்று. மகனோடு போய் இருக்கப் போகிறேன் என்று லேக் வியூவில் ஒரு வீடு விடாமல் சொல்லியும் ஆயிற்று.

விசாலம் கண்ணம்மையின் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். புது அடுப்பு, பணியாரக் கல், அடுக்கடுக்காய் எவர்சில்வர் பாத்திரம், அரிசி மூட்டை, உளுந்து, எண்ணெய் டின், விளக்குமாறு முதற்கொண்டு வாங்கி வைத்திருந்தான் கண்ணம்மையின் மகன்.

விசாலத்துக்குச் சட்டென்று பிடிபட்டது.

செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் சும்மா விடமாட்டார்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு கொடுத்து, அரிசி பருப்பு பாத்திரம் பண்டம் எல்லாம் கொடுத்து, இனி உங்கள் சோறு உங்கள் பாடு என்று வேறு வைத்துவிடுவார்கள். விசாலத்தை அப்படித்தான் மாமியார் வேறு வைத்தாள். கார்த்திக்கையும் மருமகளையும் விசாலமே வைத்தாள், ஒரு கரண்டி குறையாமல்.

வாயை அடக்கிக்கொண்டிருக்கலாம். அது அவள் பிறவியிலேயே இல்லை.

“இது கடையில்ல கண்ணம்மை. ஒம் மகன் ஒன்னைய வேறு வச்சிருக்கான். அங்குட்டு வந்துராத, இங்குட்டே பொங்கித் தின்னுக்கன்னு அர்த்தம்.”

சத்தியமூர்த்தி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணம்மை மட்டும் பணியாரத் தட்டை நீட்டினாள். “தெரியும் ஆச்சி. சூடா இருக்கு, எடுத்துக்கங்க.”

விசாலம் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். உப்புக் கம்மி. அதையும் சொன்னாள்.

கூட்டத்தில் நின்ற கார்த்திக் வந்து அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். அவன் முகம் கறுத்திருந்தது. திட்டப்போகிறான் என்று நினைத்தாள். திட்டட்டுமே, டல்லாஸ் போகிறவளுக்கு இந்த ஊர் மரியாதை எதற்கு.

அவன் திட்டவில்லை. பக்கத்தில் பூட்டிக் கிடந்த கடையறையின் முன்னால் நின்றான். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். குனிந்து ஷட்டரைத் தூக்கினான்.

உள்ளே புது அடுப்பு இருந்தது. பெரிய எண்ணெய்ச் சட்டி, தேன்குழல் அச்சு, மாவு மூட்டை, கண்ணாடிப் போத்தல்கள், ஒரே ஒரு நாற்காலி.

“ஒங்க தேன்குழலுக்கு அங்க மலேசியாவுல எத்தன பேரு அலைஞ்சாக. ஒங்களுக்கும் பொழுது போகும் ஆத்தா” என்றான்.

விசாலம் உள்ளே போனாள். சல்லடையைத் தொட்டுப் பார்த்தாள். ஜல்லிக்கரண்டி, முறம், படி, கைப்பிடித் துணி. பாவிப்பயல், பார்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான். ஒன்றும் குறையில்லை.

உட்காரவேண்டும் போலிருந்தது. அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றாள். கண்ணம்மை கடையிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பால் காய்ச்ச என்னைக்கி நாள் பாத்திருக்கே?”

“ஞாயித்துக்கெழம.” கார்த்திக் சாவியை அவள் கையில் வைத்தான். “எனக்குச் சனிக்கெழம ஃப்ளைட்டு ஆத்தா.”