டார்லீன் மட்டும் அழுதாள்

லிண்ட்ஹோமை அணியிலிருந்து கழற்றிவிட்ட செய்தி டிவியில் வந்ததும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் பார் நடத்தும் டார்லீன் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

பதினாலு வருடமாக ஊர் ஃபுட்பால் அணிக்காக இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பியவன் அவன். கடைசி நொடியில்கூடக் குறி தப்பாத கால்.

"வயசாயிடுச்சாம்! சீசன் தொடங்குற நேரத்துலயா வீட்டுக்கு அனுப்புவாங்க, பாவிங்க!"

"விடு டார்லீன், புதுப் பையனும் பொழச்சுப் போகட்டும்," என்றான் தினமும் வரும் வெர்ன். அவன் முகத்தில் துளி வருத்தமில்லை. பாரில் இருந்த வேறு யார் முகத்திலும் இல்லை.

"நன்றி கெட்டவங்களா! எத்தனை மேட்ச் ஜெயிச்சுக் குடுத்தான்!"

முதல் ஆட்டத்தன்று பார் நிரம்பி வழிந்தது. புதுப் பையன் உதைக்க வந்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். டார்லீன் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பந்து கம்பத்தில் மோதி வெளியே விழுந்தது.

பாரே துள்ளிக் குதித்தது. சொந்த அணிக்காரன் கோட்டைவிட்டதற்கு! காலி கிளாஸ்கள் அத்தனையும் டார்லீனை நோக்கி நீண்டன.

டார்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். லிண்ட்ஹோம் இருக்கிற தைரியத்தில் அவளே சுவரில் மாட்டிய பலகை பல்லைக் காட்டியது: 'நம்ம ஆள் உதைத்த பந்து குறி தவறினால், எல்லோருக்கும் ஒரு பீர் இலவசம்.'

மூலையில் ஒருவன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் கிளாஸையும் நீட்டினான்.

"பதினாலு வருஷமா இவனுங்க வாயில மண்ணைப் போட்டவன் நான்தான். எனக்கும் ஒண்ணு ஊத்து, டார்லீன்!" என்றான் லிண்ட்ஹோம்.