பட்டம் ஒப்படைக்கும் இடம்

"பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பவனைவிடக் கேவலமான பிறவி மனித குலத்திலேயே கிடையாது" என்று அறிவித்தான் பி.இ. முடித்த செங்குட்டுவன்.

தம்பிக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்கட்டும் என்று எதிர்வீட்டு அருள்தாஸ் தன் பி.காமை அரசு சேவை மையத்தில் ஒப்படைத்திருந்தார். படித்ததையெல்லாம் ஒரு கருவி வைத்துத் தலையிலிருந்து உருவிவிட்டார்கள். இப்போது டெபிட்டும் கிரெடிட்டும் அண்ணன் தம்பியா என்று கேட்கிறார்.

அந்த வாரமே தங்கை பொற்கொடிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருப்பதால் கட்டணச் சலுகை இல்லை.

"விடுண்ணே, நான் துணிக்கடை வேலைக்கே போறேன்" என்றாள்.

மறுநாள் சேவை மையத்தில் செங்குட்டுவன் சத்தமில்லாமல் தலையை நீட்டினான். ஊழியர் அக்கா கருவியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"உருவுறதுக்கு ஒண்ணுமே சிக்கலையே தம்பி. படிப்பு சிக்கலைன்னா ஒப்படைப்பு செல்லாது."

"நல்லாத் தேடுங்கக்கா" என்றான் மெல்ல. "எங்கேயாவது கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும்."